பத்தொன்பதாவது முட்டை
வானகரத்தில் கூடியோரின் கொள்கைப் பிரகடனம்

சாதிச் சான்று கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் வருகிற கேள்வி, "நீங்க எந்த மலை?" என்பதுதான். எங்களுக்கு மலை இல்லை. எங்களில் இருளர்களுக்கு இருந்தது ஏரிக்கரையும் கரம்பும் நெல்வயல் வரப்பும். நரிக்குறவர்களுக்கு இருந்தது ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் நடுவில் உள்ள ரோடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மலையாளி இனத்தாருக்கு அடுத்த பெரிய கூட்டம் இருளர்தான், ஏறத்தாழ 1,90,000 பேர். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் என்று பெரும்பாலும் சமவெளியில் சிதறிக் கிடக்கிறோம். இத்தனை பேருக்கும் மலைக்கு எங்கே போவது?

மலையில்லாத இந்தப் பழங்குடிகளின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக ஓர் இயக்கம் தொடங்குகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. வைக்கத்தான் உட்கார்ந்தோம், இரண்டு மணி நேரச் சண்டைதான் மிச்சம். "மொதல்ல ஒரு புள்ளைக்குப் பொறப்புச் சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுங்க, அப்புறம் உங்களுக்குப் பேரு வைக்கலாம்" என்று ஓர் ஆயா சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்தப் பிரகடனத்தில் உள்ள வாசகங்களில் பாதி, தூளியை ஆட்டிக்கொண்டே சொல்லப்பட்டவை. எழுத்து கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கூட வைத்தது ஒரு முட்டை.

எங்களில் ஒருத்திக்கு மூன்றரை வயதில் மகள். புருஷனும் பெண்டாட்டியும் பிளாட் காவல். மனைக்குச் சொந்தக்காரர் வேறெங்கோ இருப்பார், இவர்கள் அதில் நீலத் தார்ப்பாய் கட்டி, யாரும் வேலியைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வார்கள். அவர் வீடு கட்டத் தொடங்கும் நாளில் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மனை. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து நான்கு மனை பார்த்துவிட்டது. நான்காவது மனைக்குப் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி. தாய் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, பாப்பா பேரு இந்த சென்டர்ல இல்லையே. முன்னாடி எங்க இருந்தீங்க?"

"அயப்பாக்கம் டீச்சர்."

"அப்போ அங்கதாம்மா பேரு இருக்கும். இங்க எப்படிப் போடறது?"

டீச்சர் கெட்டவரில்லை. பிள்ளையை உட்கார வைத்தார், தட்டில் கலவைச் சாதம் வைத்தார். அன்று முட்டை நாள். பதிவேட்டில் பதினெட்டுப் பெயர், பாத்திரத்தில் பதினெட்டு முட்டை. பத்தொன்பதாவதாக உட்கார்ந்த பிள்ளை, பக்கத்துப் பிள்ளை ஓடு உரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் இந்த இயக்கம் தொடங்கியிருக்காது என்று அந்தத் தாய் சொல்கிறாள். கேட்காமல் பழகிவிட்டதே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இதை ஏன் வானகரத்தில் வைத்துச் சொல்கிறோம் என்றால், இந்தச் சிக்கலின் வரைபடம் இங்கே தரையிலேயே கிடக்கிறது. 2011-ல் அம்பத்தூரும் மதுரவாயலும் சென்னை மாநகராட்சிக்குள் போயின. ஒட்டியிருந்த வானகரம் ஊராட்சியாகவே நின்றது. மேற்கே பூந்தமல்லி நகராட்சி. வடக்கே ஆவடி, 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரியில் போகிறவனுக்கு இந்த எல்லைகளெல்லாம் கண்ணில் படாது. தார்ப்பாயோடு மூன்று கிலோமீட்டர் நடக்கிற குடும்பத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு சுவர். இந்தப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர், அந்தப் பக்கம் மாநகராட்சிச் செவிலியர். தடுப்பூசிக்கு ஒரு பதிவேடு, அங்கன்வாடிக்கு ஒரு பதிவேடு, ரேஷனுக்கு ஒரு கடை. பிள்ளை ஒன்றுதான். அது எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை.

முன்பு இப்படி இல்லையா என்றால், முன்பும் நன்றாக இல்லை. ஆனால் வேறு விதமாக இருந்தது. இந்தப் பக்கமெல்லாம் நெல் விளைந்த காலத்தில் அறுப்பு முடிந்ததும் எலி வளையைத் தோண்டுவோம். எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். பாம்புத் தோல் விற்றோம், 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து அது நின்றது. 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, விஷம் எடுக்கும் வேலை சில நூறு குடும்பங்களுக்குக் கிடைத்தது. 2023-ல் அந்தத் தொழிலில் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது எங்களுக்கும் பெருமைதான். மற்றவர்கள் செங்குன்றம் அரிசி ஆலைக்கும் சவுக்கு வெட்டுக்கும் செங்கல் சேம்பருக்கும் போனோம். 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வயல் மனையானது. எலி வளையைத் தோண்டின இடத்திலேயே இன்று மனைக்குக் காவல் இருக்கிறோம். காடு எங்களை விட்டுப் போகவில்லை, ஊர் வந்து எங்கள் மேல் உட்கார்ந்துகொண்டது. இது ஒரு பெரியவர் சொன்னது, மறுப்பதற்கில்லை.

சட்டமும் திட்டமும் எங்களைத் தேடி வருகின்றன, முகவரிதான் தப்பாக இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் இருப்பவருக்கு. ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் ஜவ்வாது மலைக்கும் கல்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் ஏறுகிறது, கூவத்தங்கரைக்கு இறங்குவதில்லை. இருளர் உட்பட மிகவும் நலிந்த பழங்குடியினருக்கென்று 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஜன்மன் திட்டத்தின் வீடு, ஊரக வளர்ச்சித் துறை வழியே வருகிறது. ஆவடியோ மாநகராட்சி. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-லேயே சொன்னது. நாடாளுமன்றம் சேர்த்தது 2022 டிசம்பரில். நடுவில் 57 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறைப் பிள்ளைகள். அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து சாப்பிட்டுப் போனார். அதற்குமுன் எங்கள் குறைகளை வெளியில் பேசியது எங்கள் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். பிள்ளைகள் பேசினால் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. பேச வராத பிள்ளைகளுக்கு யார் பேசுவது என்பதுதான் மிச்சக் கேள்வி.

கனடாவில் நடந்த ஒன்றைக் கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். அங்கே பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலங்கள் உண்டு, ஆனால் பெரும்பாலோர் அதற்கு வெளியே நகரங்களில்தான் வாழ்கிறார்கள். நார்வே ஹவுஸ் என்ற கிரீ பழங்குடி ஊரைச் சேர்ந்த ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன் என்ற பையன் பிறவியிலேயே நோயாளி. மருத்துவமனையிலேயே வளர்ந்தான். இரண்டு வயதில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டுப் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது? மத்திய அரசா, மாகாண அரசா? இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேசினார்கள். 2005-ல், ஐந்து வயதில், ஒருநாளும் தன் வீட்டில் தூங்காமலே அவன் மருத்துவமனையில் செத்துப்போனான். 2007 டிசம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் அவன் பெயரிலேயே ஒரு கொள்கையை ஏற்றது: பழங்குடிப் பிள்ளைக்கு வேண்டியதை முதலில் கோரிக்கை வந்த அரசு உடனே கொடுக்க வேண்டும், செலவு யாருடையது என்பதைப் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்ததும் அந்த மூன்றரை வயதுப் பிள்ளையின் தாய் கேட்டாள்: "அப்போ எம் பொண்ணு முட்டையும் இதே கத தானே சார்?"

அதே கதைதான் அம்மா. எங்கள் முதல் கொள்கை உன் கேள்வியிலிருந்து வருகிறது. பிள்ளை இன்று எங்கே தூங்கியதோ அதுதான் அதன் ஊர். அந்த ஊரின் அங்கன்வாடி அதை அன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டைக் கணக்கை அலுவலகங்கள் பிறகு பேசிக்கொள்ளட்டும். ஆதார், சாதிச் சான்று, பழைய சென்டரின் கடிதம் எதையும் பிள்ளையின் தட்டுக்கு முன்னால் கேட்கக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். அங்கன்வாடி டீச்சரின் செல்போனில் இருக்கும் போஷன் டிராக்கர் செயலியிலேயே இடம் மாறி வந்த பிள்ளையை மாற்றிப் பதிகிற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி மேலிடம் ஒருமுறை அழுத்திச் சொன்னால் போதும். டீச்சருக்குத் திட்டு விழாது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பயமும் எங்களுக்குத் தெரியும்.

அங்கன்வாடியே இல்லாத இடங்களைப் பற்றி. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருக்கும் குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் எங்கள் தார்ப்பாய்கள் ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் ஐந்து. சேர்ந்தாற்போல் இருக்கவும் விடமாட்டார்கள், சேர்ந்தால்தான் தருவேன் என்றும் சொன்னால் நாங்கள் எந்த ஜென்மத்தில் நாற்பதை எட்டுவது? பத்துப் பிள்ளைக்கும் ஒரு சென்டர் வேண்டும், அல்லது இருக்கும் சென்டர் எங்களைத் தேடி நடக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த சூளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடப்புத்தகம் வரவழைத்துப் பள்ளி நடத்திய மாவட்டம் திருவள்ளூர். அத்தனை தூரத்திலிருந்து புத்தகம் வரவழைக்கத் தெரிந்தவர்களுக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு முட்டை அனுப்பத் தெரியாதா?

சேம்பர் பிள்ளைகளின் காலையைச் சொல்ல வேண்டும். வெயிலுக்கு முன்னால் கல் அறுக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே தாயும் தகப்பனும் களத்துக்குப் போய்விடுவார்கள். மூங்கில் நட்டுத் தூளி கட்டியிருக்கும். அதில் ஒன்று, அதை ஆட்ட ஐந்து வயதில் ஒன்று. விடிந்ததும் அந்த ஐந்து வயது, பச்சைக் கல்லைத் திருப்பிப் போட வரும். சின்னக் கை, கல் உடையாது என்று மேஸ்திரிக்கு அதில் ஒரு பிரியம். வாங்கின முன்பணம் தீரும்வரை வெளியே போக முடியாது. போனால் ஆளைத் தேடி வண்டி வரும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதிகாரிகள் வந்து குடும்பங்களை மீட்பதும் நடக்கிறது. மீட்பு என்றால் பெரியவர்கள் கையில் விடுவிப்புச் சான்று. தூளியில் இருந்ததற்கு என்ன வேண்டும் என்று அன்று யாரும் கேட்பதில்லை. மீட்ட அன்றே எடை பார்த்து, தடுப்பூசி பார்த்து, போகிற ஊர் அங்கன்வாடியில் பெயர் பதிந்துவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும் என்கிறோம்.

ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் நாங்கள் பார்த்தது வேறு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. தாய் விடியுமுன் பாசிமணி விற்கப் போய்விட்டதால், மூன்றாவது படிக்கும் அக்கா நான்கு வயதுத் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறாள். தட்டில் கிச்சடி. அவள் வலது பக்கத்தைச் சாப்பிடுகிறாள், இடது பக்கத்தைத் தம்பிக்கு விட்டுவைக்கிறாள், நடுவில் விரலால் ஒரு கோடு. அரசாணையில் இல்லாத அந்தக் கோட்டை அரசாணையில் ஏற்ற வேண்டும். அங்கன்வாடிப் பிள்ளைக்கும் காலையில் சுடச்சுட ஏதாவது வேண்டும். 1982-ல் சத்துணவை அங்கன்வாடி வயதுப் பிள்ளைக்கும் சேர்த்தே தொடங்கிய மாநிலம் இது, செய்யாமல் விட்டால்தான் ஆச்சரியம்.

பிறப்புச் சான்று. 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்ட அது ஒன்றே ஆவணம் என்று சட்டம் ஆகிவிட்டது. இருப்பவருக்கு வசதிதான். இல்லாத பிள்ளைக்கோ, முன்பு பூட்டியிருந்தது ஒரு கதவு, இப்போது எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு. 21 நாளுக்குள் பதிந்தால் காசு இல்லை. ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வேண்டும். ஏன் பதிவதில்லை? இங்கே எங்கள் தலையில் நாங்களே குட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்களில் பதினாறு வயதிலேயே தாயாகிற பெண்கள் உண்டு. பதினெட்டு நிரம்பாதவள் கருவுற்று வந்தால் மருத்துவமனை போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டம். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. போகாததால் கர்ப்பகாலப் பதிவு எண் இல்லை, பிள்ளைக்குச் சான்றும் இல்லை. பிள்ளையைப் பதியும் வேலையையும் வழக்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள் என்று அரசைக் கேட்கிறோம். பதினெட்டுக்கு முன் கல்யாணம் இல்லை என்று எங்களுக்குள் நாங்களே கட்டளை போட்டுக்கொள்கிறோம். மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாவுக்கு மணலில் வீடு கட்டிக் கும்பிட்டு, விடியற்காலையில் அங்கேயே தாலி கட்டுவது எங்கள் இருளர் வழக்கம். அடுத்த மாசியிலிருந்து பெண்ணின் வயதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பெரியவர்கள் தாலி எடுத்துத் தருவார்கள். முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களும் இதில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பள்ளி விடுதியில் சேர்ப்பது பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. "மூணு வேளை சோறு, சோப்பு, துணி எல்லாம் விடுதில கிடைக்குது, எம் புள்ள அங்க இருந்தா என்ன?" என்று கேட்டவள் மூன்று பிள்ளைக்காரி, விறகு வெட்டுகிறவள். அவளுக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஐந்து, ஆறு வயதில் விடுதியில் சேர்க்கப்பட்டு இன்று நாற்பதைத் தாண்டிய ஒருவர் எழுந்து, தன் பாட்டி எந்த வேரை எதற்குப் பிடுங்குவாள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார். கனடாவின் 2021 கணக்கெடுப்பில், 14 வயது வரை உள்ள பிள்ளைகளில் பழங்குடியினர் 7.7 விழுக்காடுதான். வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டவர்களில் அவர்கள் 53.8 விழுக்காடு. நல்லெண்ணத்தோடு பிரித்தாலும் பிரிப்பு பிரிப்புதான். எங்கள் தாய்மார் சிக்னலில் இடுப்புப் பிள்ளையோடு பாசி விற்றால் உடனே பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகத் துடிக்கிறார்கள். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வர அவளுக்கு ஓர் இடம் இருந்ததா என்று கேட்பவர் குறைவு. எட்டு வயது வரை பிள்ளை குடும்பத்தோடுதான் என்பது பெரும்பான்மை முடிவு. பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடக்கிற தூரத்தில் வேண்டும். விறகு வெட்டுகிறவள் சம்மதித்தாள், காப்பகம் வரட்டும் அப்புறம் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு. நியாயமான நிபந்தனை.

அங்கன்வாடிக்குள் எங்கள் முகம் ஒன்று வேண்டும். நரிக்குறவர் பிள்ளை வீட்டில் வாக்ரிபோலி பேசுகிறது. மூன்று வயதில் தமிழுக்குள் தூக்கிப் போட்டால் அது ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கும், மந்தம் என்று எழுதிவிடுவார்கள். உதவியாளர் வேலைக்கும் பத்தாம் வகுப்பு கேட்கிறார்கள். எங்களில் பத்து முடித்த பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். எட்டுப் பிள்ளை வளர்த்த ஆயாவுக்குத் தெரியாத பிள்ளை வளர்ப்பு எந்த மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது? எங்கள் குடியிருப்புகள் அருகே உள்ள சென்டர்களில் உதவியாளர் படிப்புத் தகுதியைத் தளர்த்துங்கள்.

சாதிச் சான்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பழங்குடிச் சான்று தரும் அதிகாரம் 1989 நவம்பரில் தாசில்தார் கையை விட்டுக் கோட்டாட்சியரிடம் போனது, அண்ணனுக்குக் கொடுத்ததைத் தங்கைக்குக் கொடுக்க இன்னும் தயங்குகிறார்கள். தகப்பனுக்கோ தாய்க்கோ சான்று இருந்தால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் செய்யப் போவது: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, வானகரம் சுற்றுவட்டாரத்தில் தார்ப்பாய் தார்ப்பாயாகப் போய், ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரே நோட்டில் எழுதுவது. எல்லையெல்லாம் அந்த நோட்டில் கிடையாது. குடும்பம் இடம் மாறினால் நோட்டை வைத்திருப்பவர் அடுத்த இடத்து டீச்சருக்குப் போன் போடுவார். குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆண், கூட்டத்தில் பேச முடியாது, நோட்டிலும் எழுத முடியாது. யாரிடமும் பணம் வசூலிப்பதில்லை, எந்தக் கட்சிக் கொடியும் எங்கள் கூட்டத்தில் ஏறாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ வேலி போட்ட காலி மனை இருக்கும். நாளைக் காலையில் அதைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். தார்ப்பாய்க்கு வெளியே சின்னச் சட்டை ஏதாவது காய்ந்துகொண்டிருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுக்கொண்டு போய் உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லுங்கள். அவர் பதிவேட்டில் எழுதும்வரை அங்கேயே நில்லுங்கள்.